"ரைட் ரைட்"னு கத்துனா பஸ் ஏன் நேரா போகுது?

ஒரு பௌர்ணமி அன்னிக்கு அக்கா பொண்ண கூட்டிக்கிட்டு திருப்பரங்குன்றம் கிரிவலம் கிளம்புனேன். பெரியார் பஸ் ஸ்டாண்டுல டவுன் பஸ் ஏறி, ஜன்னல் சீட்டு வேணும்னு இவ மூஞ்சிய தூக்கி வச்சுக்க, ஒரு பாட்டி பாவப்பட்டு எந்திரிச்சு குடுத்து, ஒரு வழியா உக்காந்தாச்சு. கண்டக்டர் படியில நின்னு பஸ் பாடிய ரெண்டு தட்டு தட்டி "ரை... ரை... போலாம் ரைட்"னு சவுண்டு விட்டாரு. இவ ஒண்ணாப்பு படிக்கிறா, அந்த வாரம்தான் ஸ்கூல்ல லெஃப்ட் ரைட் சொல்லிக்குடுத்திருக்காங்க, சாப்புடுற கை ரைட்டுன்னு. பஸ் கிளம்பி நேரா போச்சு. உடனே என் பக்கம் திரும்பி "மாமா, அவரு ரைட்டுன்னு சொல்றாரு, டிரைவரு நேரா போறாரு, சொன்ன பேச்சே கேக்க மாட்டேங்குறாரு"ன்னா.

முன்னாடி சீட்ல இருந்தவங்க எல்லாம் திரும்பி பாத்து சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், ஆனா பதில் வரல. "அது வேற ரைட்டுடா தங்கம்"னு சமாளிச்சேன். "மொத்தம் எத்தன ரைட்டு மாமா இருக்கு?"ன்னு அடுத்த கேள்வி. சுண்டல் வாங்கிக் குடுத்து வாய அடைச்சுட்டேன்னு வைங்க, இருந்தாலும் அந்த கேள்வி மண்டைக்குள்ளயே சுத்திக்கிட்டு இருந்துச்சு. ஏன்னா இந்த ஒரு வார்த்தைய நாம வலதுன்னும் சொல்றோம், சரின்னும் சொல்றோம், உரிமைன்னும் சொல்றோம், பஸ்ஸ கிளப்பவும் சொல்றோம், ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கு. உண்மையில எல்லாம் ஒரே வேர்ல முளைச்சதுதான், அந்த வேர் தெரிஞ்சா மனப்பாடம் பண்ண வேண்டிய வேலையே பாதி கொறஞ்சுரும்.

அந்த வேரோட அர்த்தம் என்னன்னு கேட்டா சிரிப்பீங்க. நேர். வளையாம கோணாம நேரா இருக்குறது. பழைய இங்கிலீஷ்ல 'ரிஹ்ட்'னு இருந்த வார்த்த இது, அதுக்கு மொத அர்த்தமே நேரானதுங்குறதுதான், வலதுங்குற அர்த்தம் எல்லாம் ரொம்ப பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டது. ஆக அந்த டிரைவர் நேரா போனது வார்த்தையோட ஆதி அர்த்தப்படி பாத்தா ரொம்ப கரெக்ட்டு, எங்க வீட்டு குட்டிதான் தப்பா கம்ப்ளைண்ட் பண்ணிருக்கா.

இந்த நேர்ங்குற வேர் இங்கிலீஷ்ல எங்கெல்லாம் போயிருக்குன்னு பாத்தா பெரிய குடும்பம். லத்தீன்ல 'ரெக்டஸ்'னா நேரானது. அதுலேருந்துதான் கரெக்ட், டைரக்ட், ரெக்டாங்கிள் எல்லாம். 'ரெக்ஸ்'னா ராஜா, நேரா வழி நடத்துறவன். நம்ம ஊர் ராஜாவும் சமஸ்கிருதம் வழியா அதே வேர்தான். 'ரெகுலா'ன்னா நேரான குச்சி, அதுலேருந்து ரூல், ரெகுலர், ரூலர். ரூலர்னா கோடு போடுற ஸ்கேலும் அதுதான், நாட்ட ஆளுறவனும் அதுதான், அந்த காலத்து வாத்தியாருங்க கையில வச்சிருந்த ரூல்தடியும் அதே வம்சம்.

இத படிக்கறப்போ எனக்கு புல்லரிச்ச இடம் ஒண்ணு இருக்கு. ஏன்னா இதே கதை அப்படியே தமிழ்லயும் நடந்திருக்கு, அதுவும் யாரையும் பாத்து காப்பி அடிக்காம. தமிழ்ல 'செம்'ங்குறதுக்கு சிவப்புன்னு மட்டும் அர்த்தம் இல்ல, நேரானது, செம்மையானதுன்னும் அர்த்தம் உண்டு. ரைட் ஆங்கிளுக்கு நம்ம கணக்கு புக்குல என்ன பேரு? செங்கோணம். ரெக்டாங்கிளுக்கு? செவ்வகம். நிமிந்து நிக்கிற கோட்டுக்கு? செங்குத்து. நல்ல ராஜா கையில என்ன இருக்கும்? செங்கோல், அதாவது வளையாத கோல். கெட்ட ராஜாவுக்கு கொடுங்கோல், கொடு-ன்னா வளைஞ்சதுன்னு அர்த்தம். திருக்குறள்ல செங்கோன்மை 55வது அதிகாரம், கொடுங்கோன்மை 56வது அதிகாரம், அடுத்தடுத்து வச்சிருக்காரு. நான் காலேஜ் முடிக்கிற வரைக்கும் செங்கோல்னா செவப்பு கலர் கம்புன்னுதான் நெனச்சிட்டு இருந்தேன், வெளிய சொல்லிராதீங்க.

அதே மாதிரி நேர்லேருந்து நேர்மை வந்திருக்கு. ஒழுங்கா இல்லாத ஆள கோணபுத்தின்னும் குறுக்குபுத்தின்னும் சொல்றோம். இங்கிலீஷ்ல ரைட்டுக்கு எதிரா நிக்கிற 'ராங்' எங்கேருந்து வந்துச்சுன்னு பாருங்க, பழைய ஸ்காண்டிநேவிய மொழியில கோணலானது, முறுக்கிக்கிட்டதுன்னு அர்த்தம் உள்ள வார்த்தையிலேருந்து. லா படிக்கிறவங்க 'டார்ட்'னு ஒரு பேப்பர் படிப்பாங்க, ஒருத்தருக்கு இன்னொருத்தர் பண்ற தீங்குக்கு நஷ்டஈடு கேக்குற சட்டம், அந்த வார்த்தைக்கும் லத்தீன்ல முறுக்குனதுன்னுதான் மூலம். நேர்னா நல்லது, கோணல்னா கெட்டது. மனுசன் எந்த ஊர்ல பொறந்தாலும் இப்படியே யோசிச்சிருக்கான் போல.

நேர்லேருந்து சரிங்குற அர்த்தத்துக்கு வர்றது ஈஸி. கணக்கு நேரா வந்தா ரைட் ஆன்சர். ஒருத்தர் சொல்றது சரின்னா 'யூ ஆர் ரைட்'. இங்க ஆரம்பத்துல கத்துக்குறவங்க ஒரு தப்பு பண்ணுவாங்க, 'ஐ ஆம் கரெக்ட்'டும் 'ஐ ஆம் ரைட்'டும் எல்லா எடத்துலயும் ஒண்ணுன்னு. பாதி எடத்துல ஒண்ணுதான். ஆனா கரெக்ட்ங்குறது தப்பு இல்லாம இருக்குறத மட்டும் சொல்லும், ரைட்டுல நியாயமும் கலந்திருக்கும். பரீட்சையில பிட் அடிச்சு எழுதுன பதில் கரெக்ட் ஆன்சரா இருக்கலாம், அப்படி எழுதுனது ரைட் கெடையாது. அதே போல 'தி ரைட் பெர்சன்'னா நல்லவர்னு அர்த்தம் வராது, அந்த வேலைக்கு பொருத்தமான ஆளுன்னு அர்த்தம். பொண்ணு பாக்குற வீட்ல 'வெயிட்டிங் ஃபார் தி ரைட் பெர்சன்'னு மாப்ள சொன்னா அவருக்கு ஏத்த ஆளு இன்னும் அமையலன்னு எடுத்துக்கணும். 'சர்வ்ஸ் யூ ரைட்'னு ஒண்ணு இருக்கு, அத கேட்டு யாராச்சும் பாராட்டுறாங்கன்னு தேங்க்ஸ் சொல்லிராதீங்க, "உனக்கு நல்லா வேணும்"னு அர்த்தம் அது.

சரி, இந்த நேரும் சரியும் எப்படி கையில போய் ஒட்டிக்கிச்சு? பெரும்பாலான ஆளுங்க ஒரு கையில தான் எல்லா வேலையும் பாக்குறாங்க. அந்த கை 'சரியான கை' ஆயிருச்சு, அவ்ளோதான். நம்ம ஊர்ல பாருங்க, வலது இடதுன்னு புஸ்தகத்துல எழுதுனாலும் கிராமத்துல வழி கேட்டா சோத்தாங்கை பக்கம், பீச்சாங்கை பக்கம்னுதான் சொல்லுவாங்க. சோறு திங்கிற கை, கழுவுற கை. இத விட தெளிவா திசை சொல்ல முடியுமா? ஸ்கூல்ல இவளுக்கு சொல்லிக்குடுத்த மெதடும் அதேதான்.

ரைட்டுங்குற வார்த்த கைக்கு வர்றதுக்கு முன்னாடி பழைய இங்கிலீஷ்ல வலது கைய என்னன்னு சொன்னாங்கன்னு ஒரு சமாச்சாரம் இருக்கு. 'பலமான கை'ன்னு சொல்லிருக்காங்க. தமிழ்ல வலது எதுலேருந்து வந்துச்சு? வலம், வல்லமை, வலிமை எல்லாம் ஒரே எடம். வலம்ங்குறதுக்கே அகராதியில பலம், வெற்றின்னு அர்த்தம் இருக்கு. அங்கயும் பலமான கை, இங்கயும் பலமான கை. லெஃப்ட்டுக்கு மூல அர்த்தம் என்னன்னா பலமில்லாதது, ஒண்ணுக்கும் ஒதவாதது. லத்தீன்ல இன்னும் மோசம், இடதுக்கு அவங்க வச்ச பேரு 'சினிஸ்டர்', இப்ப இங்கிலீஷ்ல சினிஸ்டர்னா வில்லத்தனமானதுன்னு அர்த்தம். வலதுக்கு 'டெக்ஸ்டர்', அதுலேருந்து டெக்ஸ்டெரிட்டி, கைத்திறமை. ரெண்டு கையாலயும் எழுதுறவங்கள ஆம்பிடெக்ஸ்ட்ரஸ்னு சொல்றாங்களே, அதுக்கு எழுத்துக்கு எழுத்து அர்த்தம் 'ரெண்டு பக்கமும் வலது கை உள்ளவன்'. அவனோட திறமையில கூட இடது கைக்கு கிரெடிட் குடுக்கல பாருங்க. எங்க சின்ன மாமாவுக்கு பீச்சாங்கை பழக்கம், பந்தியில பக்கத்துல உக்காந்தா முழங்கை இடிக்கும், சின்ன வயசுல இந்த கைக்காக வாங்குன அடிய இப்பவும் சொல்லுவாரு. இந்த லிஸ்ட அவர்கிட்ட படிச்சு காட்டுனேன். "லத்தீன்காரனுமாடா?"ன்னு கேட்டாரு.

வலதுல இன்னொரு சுவாரஸ்யம் திசை. சமஸ்கிருதத்துல 'தட்சிண'ன்னா வலதும் அதுதான், தெக்கும் அதுதான். ஏன்னா கெழக்கு பாத்து நின்னா வலது கை பக்கம் தெக்கு வரும், சூரியன பாத்து நின்னு திசை சொன்ன காலத்து கணக்கு. தெக்கு பாத்து உக்காந்திருக்குறதால தட்சிணாமூர்த்தி, தெக்க இருக்குறதால தக்காணம், வலது பக்கமா சுத்துறதால பிரதட்சணம். நாங்க அன்னிக்கு போன கிரிவலமும் அதேதான், மலை எப்பவும் நம்ம வலது கை பக்கமே இருக்குற மாதிரி சுத்தணும். "மலைய சோத்தாங்கை பக்கம் வச்சுக்கிட்டே நட, தொலைய மாட்ட"ன்னு இவகிட்ட சொன்னேன். நடந்து முடிக்கிற வரைக்கும் அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா கைய தூக்கி மலைய காட்டி செக் பண்ணிக்கிட்டே வந்தா.

வலதுன்னு சொன்னா யாரோட வலதுங்குறது ஒரு பெரிய பிரச்சன, இத யாரும் ஆரம்பத்துல சொல்லித்தர்றது இல்ல. எதிர்ல நிக்கிறவரோட வலது நமக்கு இடது. அதனால ஒவ்வொரு தொழில்லயும் ஒரு முடிவு பண்ணி வச்சிருக்காங்க. டாக்டருங்களுக்கு எப்பவும் பேஷண்ட்டோட வலதுதான் வலது. எக்ஸ்ரே படத்த வெளிச்சத்துல மாட்டுனா பேஷண்ட் நம்மள பாத்து நிக்கிற மாதிரி மாட்டுவாங்க, அதனால படத்துல நம்ம இடது கை பக்கம் தெரியுறது அவரோட வலது பக்கம், குழப்பம் வரக்கூடாதுன்னுதான் ஓரத்துல 'ஆர்', 'எல்'னு எழுத்து போட்டிருப்பாங்க. நாடக மேடையில 'ஸ்டேஜ் ரைட்'னா பாக்குறவங்களோட வலது கெடையாது, ஆடியன்ஸ பாத்து நிக்கிற நடிகரோட வலது. கப்பல்ல இந்த சண்டையே வேணாம்னு ரைட் லெஃப்ட்டயே தூக்கிட்டாங்க, முன்பக்கம் பாத்து நின்னா வலது 'ஸ்டார்போர்டு', இடது 'போர்ட்'. ஸ்டார்போர்டுல நட்சத்திரம் ஒண்ணும் இல்ல, ஸ்டியரிங் இருந்த பக்கம்னு அர்த்தம், முன்ன எல்லாம் சுக்கான் துடுப்ப வலது பக்கம் கட்டியிருந்தாங்க. ராத்திரியில கப்பலோட வலது பக்கம் பச்ச லைட், இடது பக்கம் செவப்பு லைட்.

ஆத்துக்கும் வலது இடது உண்டு. தண்ணி போற பக்கம் பாத்து நிக்கணும், அப்ப வலது கை பக்கம் வர்றது வலக்கரை, இங்கிலீஷ்ல 'ரைட் பேங்க்'. காவிரி டெல்டாவுல கெழக்க பாத்து ஓடுது, அதனால அதோட வலக்கரை எது? தென்கரை. பாடல் பெற்ற கோயில்கள காவிரி வடகரை, தென்கரைன்னு பிரிச்சு வச்சிருக்காங்களே, அத இங்கிலீஷ்ல சொல்லணும்னா லெஃப்ட் பேங்க், ரைட் பேங்க்னு சொல்லலாம். தட்சிணன்னா தெக்கும் வலதும்னு மேல சொன்னது காவிரிக்கு அப்படியே பொருந்துது.

ரோட்டுக்கு வருவோம். 'ரைட் ஹேண்ட் டிரைவ்'னு கார் விளம்பரத்துல பாத்துட்டு, நம்ம ஊர்ல இடது பக்கம்தானே போறோம்னு நெறைய பேரு குழம்புவாங்க. அது ஸ்டியரிங் எந்த பக்கம்ங்குற கணக்கு. நம்ம கார்ல ஸ்டியரிங் வலது பக்கம், வண்டி ஓடுறது ரோட்டோட இடது பக்கம். அமெரிக்காவுல ரெண்டும் தலைகீழ். ஸ்வீடன்காரங்க 1967 செப்டம்பர் 3-ஆம் தேதி காலையில ஒரே நாள்ல நாடு பூராவும் இடதுலேருந்து வலதுக்கு மாறிட்டாங்க. நம்ம ஊர்ல ஒன்வேய மாத்துனாலே ஆறு மாசத்துக்கு எதிர்ல வருவாங்க.

அரசியல்ல 'ரைட் விங்', 'லெஃப்ட் விங்'னு சொல்றது வெறும் உக்காந்த எடத்துலேருந்து வந்தது. 1789ல பிரெஞ்சு புரட்சி சமயம், ராஜாவுக்கு வீட்டோ அதிகாரம் இருக்கணுமான்னு சபையில விவாதம், இருக்கணும்னு சொன்ன ஆளுங்க தலைவர் சீட்டுக்கு வலது பக்கமும் கூடாதுன்னவங்க இடது பக்கமுமா ஒதுங்கி உக்காந்தாங்க. அந்த சீட்டிங் அரேஞ்ச்மெண்ட்தான் நம்ம ஊர் டீக்கடை பேப்பர் வரைக்கும் வலதுசாரி, இடதுசாரின்னு வந்து நிக்குது. இங்க ரைட்டுக்கு சரின்னோ லெஃப்ட்டுக்கு தப்புன்னோ எந்த அர்த்தமும் ஏத்தக்கூடாது.

இப்ப உரிமை. ஜெர்மன்ல 'ரெஹ்ட்'னாலே சட்டமும் உரிமையும். பிரெஞ்சுல 'துருவா'ன்னா நேரும் அதுதான், சட்டமும் அதுதான். நேரானது, நியாயமானது, நியாயப்படி எனக்கு சேர வேண்டியதுன்னு படிப்படியா வந்து 'மை ரைட்'டுன்னு ஆயிருச்சு. இந்த அர்த்தத்துல வர்றப்போ அது பெயர்ச்சொல், எண்ணலாம், ஒண்ணுன்னா ரைட், பலதுன்னா ரைட்ஸ். சரிங்குற அர்த்தத்துல வர்றப்போ எஸ் போடக்கூடாது, 'யுவர் ஆன்சர்ஸ் ஆர் ரைட்ஸ்'னு எழுதுனா மார்க் போச்சு. உரிமைக்கு பின்னாடி பெரும்பாலும் 'டு' வரும். 'ரைட் டு இன்ஃபர்மேஷன்', நாம ஆர்டிஐன்னு சொல்ற 2005ஆம் வருசத்து சட்டம். 'ரைட் டு எஜுகேஷன்', அது 2009. நம்ம அரசியல் சாசனத்துல அடிப்படை உரிமைகள் மூணாவது பகுதியில இருக்கு. அதுல மொதல்ல 'ரைட் டு பிராப்பர்ட்டி'யும் இருந்துச்சு, 1978ல வந்த 44வது திருத்தத்துல அத அங்கேருந்து எடுத்து 300ஏ-ன்னு தனியா வச்சுட்டாங்க, அதனால சொத்துரிமை இப்ப சட்ட உரிமைதான், அடிப்படை உரிமை லிஸ்ட்ல கெடையாது.

பத்திரம் எழுதுற எடத்துல 'ரைட் ஆஃப் வே'ன்னு ஒண்ணு வரும், அடுத்தவர் நெலத்து வழியா நாம போக வர உள்ள உரிமை, நம்ம பத்திரத்துல வண்டிப்பாதை பாத்தியம், நடைபாதை பாத்தியம்னு எழுதுவாங்க. பாத்தியம்ங்குற அந்த ஒரு வார்த்தைக்காக எங்க ஊர்ல அண்ணன் தம்பிங்க பேச்சுவார்த்த இல்லாம இருக்காங்க. டிராஃபிக்லயும் அதே 'ரைட் ஆஃப் வே' வரும், அங்க யாரு மொதல்ல போகணும்ங்குற அர்த்தம். ஷேர் மார்க்கெட்ல 'ரைட்ஸ் இஷ்யூ'ன்னா ஏற்கனவே ஷேர் வச்சிருக்கவங்களுக்கு புது ஷேர மொதல்ல வாங்கிக்க குடுக்குற உரிமை. 'காப்பிரைட்'டும் உரிமைதான், எழுதுறதோட சம்பந்தம் இருக்குறதால எழுதுற 'ரைட்' ஸ்பெல்லிங் போட்டுருவாங்க நெறைய பேரு, தப்பு.

ஸ்பெல்லிங் பத்தி ஒரு வார்த்த. காதுல ஒரே மாதிரி விழுற ரைட்டு நாலு இருக்கு. இந்த ரைட். டபிள்யூல ஆரம்பிக்கிற எழுதுற ரைட். சடங்குங்குற அர்த்தத்துல ஆர்-ஐ-டி-ஈ ரைட். அப்புறம் செய்றவன்னு அர்த்தம் உள்ள பழைய ரைட், டபிள்யூவும் வரும் ஜிஎச்சும் வரும், கப்பல் கட்டுறவன் 'ஷிப்ரைட்', நாடகம் கட்டுறவன் 'ப்ளேரைட்'. நாடகத்த எழுதுறதால எழுதுற ரைட்டுன்னு நெனச்சா போச்சு, சக்கரம் செய்ற ஆசாரி மாதிரி நாடகம் செய்ற ஆசாரி அவரு. நம்ம ரைட்ல எதுக்கு வாயே தொறக்காத ஜிஎச்னு கேட்டா, முன்ன அது வாய் தொறந்துக்கிட்டுதான் இருந்துச்சு, ஆரம்பத்துல 'ரிஹ்ட்'னு சொன்னேனே அந்த காத்து சத்தத்தோட எழுத்துதான் அது. சத்தம் போயிருச்சு, எழுத்து மட்டும் பென்ஷன் வாங்கிக்கிட்டு உக்காந்திருக்கு. லைட், நைட் எல்லாத்துலயும் இதே கதை.

இப்ப சொல்லப்போறதுதான் உண்மையில ஆளக் கவுக்குற எடம். ரைட்டு ஒரு எடத்த, ஒரு நேரத்த அழுத்திச் சொல்றதுக்கும் வரும், அங்க வலதும் இல்ல, உரிமையும் இல்ல. 'ரைட் நவ்', 'ரைட் ஹியர்', 'ரைட் பிஹைண்ட் யூ'. இத தமிழ்ல எப்படி சொல்றதுன்னு யோசிச்சா நமக்கு ரொம்ப சின்னதா ஒரு ஆயுதம் இருக்கு, கடைசியில ஒரு ஏ. ரைட் நவ்-னா இப்பவே. ரைட் ஹியர்-னா இங்கயே. ரைட் பிஹைண்ட் யூ-ன்னா உனக்கு பின்னாடியே. 'ரைட் இன் தி மிடில்'னா நட்டநடுவுல, 'ரைட் அட் தி டாப்'னா உச்சாணியில. 'ரைட் அவே'ன்னா உடனே. இந்த ஏ-வ புடிச்சுக்கிட்டா இங்கிலீஷ்ல எங்க ரைட் போடணும்னு தானா வந்துரும்.

இது தெரியாம நான் மாட்டுன கதை ஒண்ணு. வேலை தேடிக்கிட்டு இருந்த சமயம், பெங்களூர்ல ஒரு ஆபீஸ்க்கு இன்டர்வியூ. ரிசப்ஷன்ல இருந்தவங்க கைய நீட்டி "கோ ரைட் டவுன் தி காரிடார், ரைட் டு தி எண்ட்"னாங்க. எனக்கு காதுல விழுந்தது ரெண்டு ரைட்டு. சரி, ரெண்டு தடவ வலது திரும்பணும்னு முடிவு பண்ணி, மொத வலதுல திரும்பி, அங்கேருந்து திரும்பவும் வலதுல திரும்பி ஒரு கதவ தொறந்தேன். உள்ள சுத்தியும் அலமாரி, நடுவுல வாட்ச்மேன் அண்ணன் டிபன் பாக்ஸ தொறந்து புளியோதரை சாப்புட்டுக்கிட்டு இருந்தாரு. ரெண்டு பேருக்கும் ஒரு நிமிசம் ஒண்ணும் புரியல. ஃபைல பாத்துட்டு அவரே "இன்டர்வியூவா தம்பி? நேரா கடைசி வரைக்கும் போகணும்"னு தமிழ்ல சொன்னாரு, ஓசூர் பக்கத்து ஆளாம். அந்தம்மா சொன்னதும் அதேதான், காரிடார் நேரா, கடைசி வரைக்குமே போங்க, திரும்பவே வேணாம். வேலை கெடைக்கல, அதுக்கும் ரைட்டுக்கும் சம்பந்தம் இல்ல.

ஆக கேக்கறப்போ ஒரு டெக்னிக். ரைட்டு எங்க நிக்குதுன்னு பாருங்க. 'டர்ன் ரைட்', 'ஆன் தி ரைட்', 'டு யுவர் ரைட்' இப்படி வாக்கியத்துல அதோட முடிஞ்சா வலது. 'ரைட் டவுன்', 'ரைட் த்ரூ', 'ரைட் அப் டு'ன்னு ரைட்டுக்கு பின்னாடி வேற ஒரு திசை சொல்ற வார்த்த ஒட்டிக்கிட்டு வந்தா அது அழுத்தத்துக்கு, திரும்பக்கூடாது. பெரும்பாலும் இது வேலை செய்யும். 'ரைட் அஹெட்'னா நேர் எதிர்ல. 'கோ ரைட் அஹெட்'னு சொன்னாங்கன்னா சில நேரம் நடக்கவே வேணாம், தாராளமா செய்ங்க, பேசுங்கன்னு அனுமதி குடுக்குறாங்க.

வினையாவும் வரும், ரொம்ப பேரு கவனிச்சிருக்க மாட்டாங்க. கவுந்த படகு தானா நிமிந்தா 'தி போட் ரைட்டட் இட்செல்ஃப்'. நடந்த அநியாயத்த சரி பண்ணா 'ரைட் எ ராங்'. கோணலா கெடந்தத நேரா நிமித்துறதுன்னு பழைய அர்த்தம் பிசகாம அப்படியே உக்காந்திருக்கு பாருங்க. 'ஆல் ரைட்'ட ரெண்டு வார்த்தையா எழுதுறதா ஒட்டி எழுதுறதான்னு ஒரு சண்டை உண்டு, பரீட்சைக்கும் ஆபீஸ் மெயிலுக்கும் பிரிச்சே எழுதுங்க, சாட்ல எப்படி வேணா எழுதிக்கோங்க.

கண்டக்டரோட ரைட்டு இந்த 'ஆல் ரைட்' வகையறாதான், எல்லாரும் ஏறியாச்சு, எல்லாம் சரியா இருக்கு, எடுங்கன்னு டிரைவருக்கு சொல்றது. பிரிட்டிஷ் ரயில்வேயில வண்டி கெளம்ப கார்டு குடுக்குற உத்தரவுக்கு பேரே 'ரைட் அவே'. நிறுத்தறதுக்கு நம்ம கண்டக்டருங்க விடுற "ஓல்டான்" அங்கேருந்து வந்த 'ஹோல்ட் ஆன்'. பஸ் ஏறுன ரைட்டு அப்படியே எறங்கி தமிழ்லயே குடும்பம் நடத்த ஆரம்பிச்சிருச்சு. "ரைட்டு"ன்னு சட்டுனு சொன்னா சரி, புரிஞ்சுது. "ரைட்டு விடு"ன்னா மேல பேச வேணாம். "ரைட்ட்டு..."ன்னு இழுத்தா நீ சொல்றத நான் நம்பல, ஆனா கேட்டுக்குறேன். போன்ல பேசி முடிக்கறப்போ "ரைட்டுண்ணே, வச்சிர்றேன்". வெள்ளக்காரங்க வாக்கியத்து கடைசியில 'ரைட்?'னு கேக்குற மாதிரி நாமளும் "நாளைக்கு லீவு, ரைட்டா?"ன்னு கேக்குறோம்.

இதுல ஒரே சிக்கல், வழி சொல்றப்போ இந்த ரைட்ட சரிங்குற அர்த்தத்துல போடவே கூடாது. போன வாரம் ஆட்டோவுல வர்றேன், முக்குல டிரைவர் "லெஃப்டா தம்பி?"ன்னாரு, நான் போன பாத்துக்கிட்டே "ரைட்டுண்ணே"ன்னுட்டேன். அவரு ரைட்டுல ஒடிச்சுட்டாரு. "அண்ணே லெஃப்டுல்ல!" "நீதான தம்பி ரைட்டுன்ன?" "நான் ஆமான்னு சொன்னேண்ணே." யூ-டர்ன் போட எடமில்லாம பாலம் ஏறி எறங்கி சுத்தி வந்தோம், இருவது ரூவா சேத்து குடுத்தேன். அதுலேருந்து ஆட்டோவுல ஏறுனா "அண்ணே, சோத்தாங்கை பக்கம், பீச்சாங்கை பக்கம்னுதான் சொல்லுவேன்"னு மொதல்லயே சொல்லிட்டு ஏறுறேன். நேத்து வந்த அண்ணன் கண்ணாடியில ஒரு தடவ என்னைய பாத்துட்டு, "எனக்கு பீச்சாங்கை பழக்கம் தம்பி, எந்த கைய சொல்றீங்க?"ன்னாரு.